வண்டு மாத்திரை

உள்ளே குறட்டை கேட்டுக்கொண்டிருந்தது. அது கேட்கிறவரை மிக்சி போடக் கூடாது, குழாயைத் திறக்கக் கூடாது, பாத்திரத்தின் மேல் பாத்திரம் வைக்கக் கூடாது. செண்பகவல்லி அடுக்களைத் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலையாகப் பார்த்து, புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் வாங்கிய புளி. வெயிலில் போட்டு, தட்டி, கொட்டையும் நாரும் நீக்கி, கல்லுப்பு கலந்து ஜாடியில் அமுக்கிவிட்டால் அடுத்த பங்குனிவரை இந்த வீட்டில் புளி என்ற பேச்சு கிடையாது. உளுந்து தையிலேயே வந்துவிட்டது, துவரை மாசியில். விளக்கெண்ணெய் தடவிக் காயவைத்த துவரை கட்டிலுக்கு அடியில் தகர டின்களில் இருக்கிறது, வத்தல் மிளகாய் அதற்குப் பக்கத்தில் சாக்கில் இருக்கிறது, மல்லி இருக்கிறது, கருப்பட்டி இருக்கிறது. தெருவில் எல்லோருக்கும் சிலிண்டர் தீர்ந்த பிறகும் அவள் வீட்டில் எரியும். அரிசியை ஊறவைத்துப் பாதி வெந்ததும் அடுப்பை அணைத்து மூடிவிடுவாள், மிச்சத்தைச் சூடே பார்த்துக்கொள்ளும். பீர்க்கங்காய்த் தோல் துவையலாகும், அரிசி கழுவிய தண்ணீர் கறிவேப்பிலைக்குப் போகும். பரமசிவன் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடிந்து காலையில் வந்து படுக்கிற அந்த ஒரே அறைக்கு ஏர்கூலர் வேண்டும் என்று இரண்டு கோடைக்கு முன்னால் சொன்னபோது, அவள் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஜன்னலில் இடுக்கு விடாமல் ஒட்டினாள். வெளிச்சமும் வராது, வெக்கையும் வராது, காற்றாடி போதும். அதில்தான் தூங்குகிறார். அரிசி டிரம், எண்ணெய் டின், பூண்டுக் கொத்து, நடுவில் அவர். பலசரக்குக் கடைக்குள்ள படுத்திருக்கேன் என்று முன்பெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது சொல்வதில்லை, சிரிப்பதுமில்லை. ராத்திரி ஷிப்டை நிறுத்தப்போகிறார்கள் என்று மில்லில் பேச்சு. அதை அவரிடம் கேட்கவும் பயமாக இருக்கிறது, கேட்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது, அதனால்தான் இந்தத் தடவை ஒரு மூட்டை அரிசி கூடுதலாக வாங்கினாள். கல்யாணமாகி மகள் சாத்தூருக்குப் போய் வருசம் ஒன்றாகிறது, இருக்கிறது இரண்டு பேர், இரண்டு பேருக்கு எதற்கு இவ்வளவு என்று மகள் போனில் கேட்டாள். மகளுக்கு என்ன தெரியும். மகளுக்குப் பசி என்றால் டிபன் வருவதற்கு முன்னால் இருக்கிற கொஞ்ச நேரம்.

செண்பகவல்லியின் அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை முருகனுக்கு விரதம், வெள்ளிக்கிழமை அம்மனுக்கு, சனிக்கிழமை பெருமாளுக்கு. விளாத்திகுளம் பக்கம் மழை பொய்த்த வருசங்களில் திங்களும் வியாழனும்கூட விரதமாகிவிட்டன. அப்பா சாப்பிடுவார், அவளும் தம்பியும் சாப்பிடுவார்கள், அம்மா நெற்றி நிறைய திருநீறு பூசிக்கொண்டு அவர்கள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், அம்மாவுக்கு எவ்வளவு பக்தி என்று செண்பகவல்லி பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். கல்யாணமாகி, தன் வீட்டு டப்பாவில் அரிசி அடிமட்டத்தில் கிடந்த ஒரு நாளில், அதை அளந்துவிட்டு, எனக்கு இன்னைக்கு விரதம் என்று தன் வாய் தானாகச் சொன்னபோதுதான் அவளுக்குப் புரிந்தது. புரிந்த அந்த இடத்திலேயே நின்றாள், அளந்த டம்ளர் கையில் இருந்தது, தெருவில் பால்காரர் மணி அடித்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு ஆரம்பித்தது இது. இனி டப்பாவின் அடியைப் பார்க்கக் கூடாது. தகரத்தின் அடி தெரியக் கூடாது. தெரிந்தால் அடிவயிற்றில் ஏதோ கழன்று விழுகிற மாதிரி இருக்கும், பாதி டப்பா இருக்கும்போதே அப்படி வர ஆரம்பித்தது, பிறகு முக்கால் டப்பாவிலேயே. அப்படிச் சேர்த்துவைத்த அரிசியில்தான் இந்தச் சித்திரையில் வண்டு விழுந்தது. முதலில் ஒன்று, கட்டிலின் சட்டத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது, நசுக்கினாள். பிறகு டிரம்மைத் திறந்தபோது அரிசியின் மேல்பரப்பே மெல்ல அசைந்தது. வேப்பிலை போட்டாள், வசம்பு போட்டாள், வத்தல் மிளகாயைக் காம்போடு புதைத்துவைத்தாள், சலித்து வெயிலில் போட்டாள், வெயிலில் ஓடிப்போனவை சாயங்காலம் திரும்பி வந்தன. ராத்திரி தனியாகப் படுத்திருக்கும்போது காதுக்குள் அரிசி தின்னும் சத்தம் கேட்டது. நிஜமாகக் கேட்குமா என்று தெரியாது. கேட்டது.

கீழ்வீட்டு ரோஸ்லின்தான் மாத்திரை கொடுத்தாள். அவள் தம்பி தானியக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறான், மூட்டைகளுக்கு நடுவில் போடுவதாம், கிட்டங்கியில் ஒரு வண்டு இருக்காதாம். சாம்பல் நிறத்தில் வட்டமாக, ஒரு சின்ன டப்பா நிறைய. காசு வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றதும் செண்பகவல்லிக்கு மனசு அப்படியே இளகிவிட்டது, டப்பாவை முந்தானையில் மூடிக்கொண்டு, பதிலுக்கு என்ன கொடுக்கலாம், கருப்பட்டி ஒரு வட்டு கொடுக்கலாமா, அரை வட்டு போதுமா என்று யோசித்துக்கொண்டே நின்றாள், ரோஸ்லின் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா, துணியில முடிஞ்சு உள்ள வச்சு இறுக்க மூடிருங்க. ஒரு டிரம்முக்கு ஒண்ணு போதும். ஆள் படுக்கிற, என்று ஏதோ சொல்ல வந்தாள், அப்போது அவள் அடுப்பில் குக்கர் விசில் அடித்தது, அவள் திரும்பி உள்ளே பார்த்துக்கொண்டே மிச்சத்தைச் சொன்னாள், செண்பகவல்லி சரி சரி என்று தலையாட்டினாள். அது நேற்று. இன்று விடியற்காலையில், அவர் வருவதற்கு முன்னால், பழைய வேட்டியைக் கிழித்து முடிச்சுகள் போட்டாள். டிரம் பெரியது, வண்டு நிறைய, அதனால் ஒன்றுக்குப் பதிலாக ஒரு பிடி. துவரை டின்னுக்கு, உளுந்துக்கு, மல்லிக்கு என்று மிச்சத்தையும் போட்டாள், சும்மா வந்ததை எதற்கு மிச்சம் வைப்பது. டிரம் மூடி ஒரு பக்கம் நெளிந்திருக்கிறது, கூடுதல் மூட்டையைத் திணித்ததில் சரியாக உட்காரவில்லை, மேலே அம்மிக்குழவியைத் தூக்கி வைத்தாள். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால், தின்கிற அரிசியில என்னத்தையாவது போட்டுக்கிட்டு, என்பார். பழையது குடித்தார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார், கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆள் படுக்கிற. ஆள் படுக்கிற என்ன. கொட்டை ஒன்று விரலிலிருந்து வழுக்கி ஓடியது, அதை எட்டி எடுத்தாள். ஆள் படுக்கிற நேரமாகப் பார்த்துப் போடுங்க என்றிருப்பாளோ. ஆள் படுக்கிற பாயில் படாமல் என்றிருப்பாளோ. ஏதோ நாற்றம் வந்தது, பூண்டு மாதிரி. பூண்டுதான், கட்டிலுக்கு மேலே கம்பியில் தொங்குகிற கொத்தில் ஏதோ ஒன்று அழுக ஆரம்பித்திருக்கும், ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் போகும், சாயங்காலம் அவர் எழுந்ததும் இறக்கி, மெலிந்ததைப் பிரித்து ஊறுகாய் போட்டுவிட வேண்டும், அதற்கு நல்லெண்ணெய் ஆகும், நல்லெண்ணெயை இப்போது எடுக்கக் கூடாது, பூண்டைச் சாம்பாரில் போட்டுத் தீர்க்கலாம். பூண்டு நாற்றம் இல்லை, மீன் மாதிரியும் இருக்கிறது. இந்த வீட்டில் மீன் வாங்கி மாசமாகிறது. ரோஸ்லின் வீட்டில் சமைக்கிறாளோ. இல்லை, அவள் காலையிலேயே தூத்துக்குடிக்குக் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டாள், கேட்டில் பூட்டுத் தொங்குவதை மாடிப்படியிலிருந்து பார்த்தாளே. போன் பண்ணிக் கேட்கலாம். தன் போனுக்கு ரீசார்ஜ் முடிந்து வாரமாகிறது, வீட்டில் அவர் போன் ஒன்று இருக்கும்போது இரண்டுக்கும் எதற்கு என்று விட்டுவிட்டாள், அவர் போன் அவர் தலைமாட்டில். சரி, எழுந்திருக்கட்டும். ஆள் படுக்கிற பக்கத்துல, என்று குரல் சரியாகப் பொருந்தியது, பக்கத்துல என்று சொல்லும்போது ரோஸ்லினின் வாய் எப்படிக் குவிந்திருக்கும் என்றுகூடத் தெரிந்தது. ஆனால் அது அவள் சொன்னதா, இவள் இப்போது சேர்த்ததா. கதவுக்கு அடியிலிருந்து ஒரு பல்லி வெளியே வந்தது. பல்லி ஓடும், இது நடந்தது. சாக்குக்குப் பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்தது, மூடியது, திறந்தது. விளக்குமாற்றால் தள்ளினாள், தள்ளிய இடத்தில் மல்லாந்து கிடந்தது. பல்லி காலடியில் செத்தால் என்ன பலன். தலையில் விழுந்தால், தோளில் விழுந்தால் என்றெல்லாம் பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது, கதவுக்கு அடியிலிருந்து நடந்து வந்து செத்தால் என்னவென்று போட்டிருக்குமா.

குறட்டை கேட்கவில்லை. எப்போது நின்றது. கொட்டை ஓடியபோது கேட்டுக்கொண்டிருந்ததா, பூண்டை யோசித்தபோது கேட்டுக்கொண்டிருந்ததா. காற்றாடி சத்தம் மட்டும் வருகிறது, அதுவும் டக் டக்கென்று ஏதோ இடிக்கிற மாதிரி. புரண்டு படுத்திருப்பார், ஒருக்களித்தால் குறட்டை நிற்கும், முப்பது வருசமாகத் தெரியாதா. எழுந்தாள், புளிக்கையை முந்தானையில் துடைத்தாள், கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். எழுப்பினால் அவ்வளவுதான், அதற்கு மேல் தூங்க மாட்டார், தூங்காமல் போன ஒரு ராத்திரியில்தான் மெசினில் கையைக் கொடுக்கப் பார்த்தார், மேஸ்திரி இழுத்துவிட்டார், இனி ஒருமுறை இப்படி ஆனால் வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவோம் என்றார்களாம். ஷிப்டை நிறுத்தப்போகிற நேரத்தில் முதலில் யாரை நிறுத்துவார்கள். தூங்கட்டும். ஆனால் பல்லி. பல்லி வெக்கையில் செத்திருக்கும். ஆனால் நாற்றம் இங்கே கூடுதலாக இருக்கிறது. உள்ளே போய் எழுப்பி, என்னங்க, ஒண்ணுமில்லங்க, சும்மா பார்த்தேன் என்றால் என்ன சொல்வார். ஏதோ சத்தம் கேட்டது. குறட்டையா, வேறேதுமா, செம்பகம் என்கிற மாதிரி, இல்லை, காற்றாடிதான். கை கதவில் இருந்தது. கதவில் கை இருக்கும்போதே, அவள் கூப்பிடாமலே, மனசுக்குள் எங்கிருந்தோ ஒரு கணக்கு ஓடியது. ஒரு ஆள் என்றால் இந்த அரிசி அடுத்த தைப்பொங்கலையும் தாண்டும். துவரை அதற்கும் மேலே. சிலிண்டர் ஏறக்குறைய இரண்டு பங்கு வரும், காற்றாடி பகலில் ஓடாது. நிதானமாக, தினமும் உலை வைக்கும்போது ஓடுகிற அதே கணக்கு, அதே குரல், கோபமில்லை, வெறுப்பில்லை, ஒன்றுமில்லை. ஓடி முடிந்து, விடையும் வந்து, விடை சரிதானா என்று அவள் இன்னொரு தரம் சரிபார்த்தாள். சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம் என்பது அப்புறம்தான் தெரிந்தது. யார் இது. எனக்குள் உட்கார்ந்து டம்ளரால் அளந்துகொண்டிருக்கிற இவள் யார்.

கதவைத் தள்ளினாள். நாற்றம் முகத்தில் அறைந்தது. இருட்டில் கட்டில் காலியாக இருந்தது, அவர் கட்டிலுக்கும் டிரம்முக்கும் நடுவில் தரையில் கிடந்தார், வாந்தியில் கன்னம் ஒட்டியிருந்தது, ஒரு கை முன்னால் நீண்டிருந்தது. ஏங்க, ஏங்க என்றாள். கண் திறந்திருந்தது, அவளைப் பார்த்தது. ஜன்னலுக்குப் போய் அட்டையைப் பிடித்து இழுத்தாள், அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தாள், நகம் பிய்ந்தது, அட்டை துண்டு துண்டாக வந்தது, வெயில் உள்ளே கொட்டியது. தலை சுற்றியது. அவர் அக்குளில் கை கொடுத்து இழுத்தாள், அவர் கால் இடித்துத் துவரை டின் சரிந்தது, பருப்பு தரையெங்கும் ஓடியது, அதன் மேலேயே இழுத்தாள். மாடிப்படி வரைக்கும் இழுத்துவந்து தெருவைப் பார்த்துக் கத்தினாள். எதிர்வீட்டில் கொத்தனார் வேலை பார்த்தவர்கள் ஓடிவந்தார்கள், ஒருவர் லொக்கு லொக்கென்று இருமிக்கொண்டே உள்ளே பார்த்துவிட்டு யாரும் போகாதீங்க என்றார். ஆட்டோவில் அவர் தலை அவள் மடியில் இருந்தது, உதடு நீலமாகிக்கொண்டிருந்தது, மூச்சு இழுத்து இழுத்து வந்தது. பஸ் ஸ்டாண்டு, ரயில்வே கேட், கடலைமிட்டாய்க் கடைகள் எல்லாம் பின்னால் போயின, தனக்குள் அம்மனுக்கும் முருகனுக்கும் பெருமாளுக்கும் விரதம் நேர்ந்துகொண்டே போனாள், எல்லாக் கிழமையும், ஆயுசுக்கும், சோறே வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டதற்கு உள்ளதைச் சொன்னாள். எத்தனை போட்டீங்க என்றார். ஒரு பிடி என்றாள். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். அறையில் ஆள் படுக்கிறது தெரிஞ்சா போட்டீங்க என்று கேட்டார். தெரியும் என்றாள், பிறகு, மாத்திரையிலிருந்து விஷக்காற்று வரும் என்று தெரியாது என்றாள், இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்று அவளுக்கே தோன்றியது. அன்று போலீஸ்காரர் ஒருவர் வந்து அதையே கேட்டு எழுதிக்கொண்டு போனார். சாத்தூரிலிருந்து மகள் வந்து வராந்தாவில் அழுதாள், சேர்த்து வச்சு சேர்த்து வச்சு அப்பாவையே, என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டாள். தூத்துக்குடியிலிருந்து ஓடிவந்த ரோஸ்லின் தலையில் அடித்துக்கொண்டாள், படிச்சுப் படிச்சு சொன்னேனேக்கா, ஆள் படுக்கிற ரூம்ல வச்சிராதீங்கன்னு, நீங்க சரின்னு தலையாட்டுனீங்களே. ஆமாம், தலையாட்டினேன் என்று செண்பகவல்லி சொன்னாள். அரிசி, பருப்பு, மல்லி எல்லாவற்றையும் முனிசிபாலிட்டி ஆட்கள் முகமூடி போட்டுக்கொண்டு வந்து எடுத்துப்போய் ஊருக்கு வெளியே புதைத்ததாக ரோஸ்லின் வீட்டுக்காரர் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டாள். வயிற்றில் எதுவும் கழன்று விழவில்லை. அங்கே எதுவும் இருக்கிற மாதிரியே தெரியவில்லை.

மூன்றாம் நாள் அவரை வார்டுக்கு மாற்றினார்கள். பிழைத்துக்கொண்டார், நெஞ்சுத்துடிப்பு மட்டும் இன்னும் சீராகவில்லை, பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார்கள். அவள் ரோஸ்லின் வீட்டு அடுப்பில், ரோஸ்லின் கொடுத்த அரிசியில் கஞ்சி வைத்து, தூக்குச் சட்டியில் எடுத்துவந்தாள். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரர் சுவர்ப்பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தார். பரமசிவன் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், கன்னம் ஒட்டிப்போய், முகம் யாரோ போல இருந்தது. டம்ளரில் ஊற்றி ஆற்றினாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு பேசினார், குரல் கரகரத்தது.

"உள்ள இருந்து கூப்பிட்டேன்."

அவள் ஆற்றிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிக்க முடியல, கீழ விழுந்துட்டேன். கதவுக்கு அடியில உன் காலு தெரிஞ்சுது. வந்து நின்ன. சரி, வந்துட்டான்னு நினைச்சேன். நீ நின்னுக்கிட்டே இருந்த."

காற்றாடி தலைக்கு மேலே சுற்றியது. வார்டின் கடைசியில் ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது. எழுப்பினால் தூக்கம் கெடும் என்று யோசித்தேன் என்று சொல்லலாம், அது நிஜம்தான். குறட்டையா கூப்பாடா என்று தெரியவில்லை என்று சொல்லலாம், அதுவும் நிஜம். நிஜங்களாக எடுத்து எடுத்து அடுக்கிவிடலாம், ஒன்றின் மேல் ஒன்றாக, இடுக்கில்லாமல், நடுவில் இருக்கிறதை யாரும் பார்க்க முடியாதபடி.

"எழுப்பவா வேண்டாமான்னு நின்னேன்" என்றாள்.

அவர் இப்போது திரும்பி அவளைப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். கோபமாக இல்லை. என்னவாக இருந்தது என்று அவளால் சொல்ல முடியவில்லை. முப்பது வருசமாக அந்த முகத்தில் பசியா தூக்கமா காய்ச்சலா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லத் தெரிந்தவள் அவள். டம்ளரை நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். அவள் மூன்று நாளாக எதுவும் சாப்பிடவில்லை. மகள் அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

டம்ளரை அவள் பக்கம் திருப்பி நீட்டினார்.

"நீ மொதல்ல குடி."

அவள் வாங்கினாள். அவர் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்க, குடித்தாள்.